நேட்டோ செலவு: குறை சரி, கணக்கு தப்பு

அண்ணே வணக்கம்,

நேட்டோ பத்தி நீங்க எழுதினத படிச்சேன். டிரம்ப்ப எனக்கும் புடிக்காது, ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது நியாயம்தானே? 32 நாடு சேர்ந்து ராணுவக் கூட்டணி, செலவு மட்டும் அமெரிக்கா தலைல. அபார்ட்மென்ட்ல மெயின்டனன்ஸ் கட்டாதவன் லிஃப்ட்ல ஏறலாமா? காசு கட்டாதவனுக்கு பாதுகாப்பு கிடையாதுன்னு சொன்னா என்ன தப்பு?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், ஈரோடு)

தம்பி,

அமெரிக்காக்காரங்க குறை சொல்றதுல நியாயம் இருக்கு, போடுற கணக்குதான் தப்பு.

மெயின்டனன்ஸ் மாதிரி ஒரு பொது நிதி நேட்டோவுக்கு இருக்கத்தான் செய்யுது. பிரஸ்ஸல்ஸ் தலைமையகம், கமாண்ட் அமைப்பு, அவாக்ஸ் ரேடார் விமானம் இதெல்லாம் ஓடுறது அதுலதான். ஆனா அது உறுப்பு நாடுகளோட மொத்த ராணுவச் செலவுல அரை சதவீதம் கூட வராது. அதுல அமெரிக்கா பங்கு முன்னாடி 22 சதவீதம், 2019ல பேசிக் குறைச்சு 2021ல 16 சொச்சம் ஆச்சு, ஜெர்மனியும் கிட்டத்தட்ட அதே அளவு கட்டுது. சண்டையே இதப் பத்தி இல்ல. டிரம்ப் "பாக்கி"ன்னு சொல்றது அந்த 2 சதவீதத்த, அதாவது ஒவ்வொரு நாடும் தன் மொத்த உற்பத்தில (ஜிடிபி) 2 சதவீதம் அளவுக்கு தன் சொந்த ராணுவத்துக்கு தானே பண்ண வேண்டிய செலவு. உங்க அபார்ட்மென்ட்லயே வச்சு சொல்லணும்னா, ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் காசுல நாய் வளர்க்கணும், திருடன் யார் வீட்டுக்கு வந்தாலும் எல்லாரும் நாய அவிழ்த்து விடணும், இதான் ஒப்பந்தம். பக்கத்து வீட்டு நாய் நோஞ்சானா இருக்குன்னு திட்டலாம், ஆனா எனக்கு நீ காசு பாக்கின்னு சொல்ல முடியாது.

அந்த 2 சதவீதமும் ரொம்ப நாள் வெறும் பேச்சாத்தான் இருந்துச்சு. 2014ல கிரிமியாவ ரஷ்யா எடுத்துக்கிட்ட பிறகு வேல்ஸ் மாநாட்டுலதான் தலைவர்களே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாங்க, அப்பவும் "பத்து வருஷத்துல 2 சதவீதத்த நோக்கி நகர்வோம்"ங்கற மாதிரி வக்கீல் பாஷைலதான். அந்த வருஷம் அத எட்டினது மூணே நாடு, அமெரிக்கா, பிரிட்டன், அப்புறம் கிரீஸ். கிரீஸ்னதும் ஆச்சரியப்படாதீங்க, அவங்க பயம் ரஷ்யா இல்ல, அதே கூட்டணில இருக்கற துருக்கி. போதாக்குறைக்கு ரிட்டயர் ஆன ராணுவத்தினரோட பென்ஷனும் நேட்டோ கணக்குல ராணுவச் செலவுதான். இந்தப் பக்கம் டென்மார்க் 2 சதவீதத்துக்கு ரொம்ப கீழ இருந்த நாடு. ஆனா ஆஃப்கானிஸ்தான்ல ஹெல்மாண்ட் மாதிரி மோசமான இடத்துல நின்னு 40க்கு மேல வீரர்களப் பறிகொடுத்துச்சு, அப்ப மொத்த ஜனத்தொகையே 60 லட்சத்துக்குள்ள. ஒருத்தர் மேல தாக்கினா எல்லார் மேலயும் தாக்கின மாதிரிங்கற அந்த 5வது ஷரத்து இதுவரைக்கும் ஒரே ஒரு தடவதான் அமலுக்கு வந்திருக்கு, 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம், அதுவும் அமெரிக்காவுக்காக. டென்மார்க்க விட கிரீஸ் நல்ல கூட்டாளின்னு சொல்ற அளவுகோல என்னால நம்ப முடியல.

சரி, ஐரோப்பா ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. 2011ல லிபியால கடாஃபி மேல குண்டு போட்டப்ப, பெருசா ஆயுதமே இல்லாத ஒரு ஆட்சிக்கு எதிரா பதினோரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள பல நாடுகளுக்கு குண்டு தீர ஆரம்பிச்சிருச்சு, அமெரிக்காதான் கொடுக்க வேண்டியதாப் போச்சு. அப்ப அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸ்லயே நின்னு இதப் போட்டு உடைச்சார், அப்ப ஆட்சில இருந்தது ஒபாமா. 1971லயே ஐரோப்பால இருக்கற அமெரிக்கப் படையப் பாதியாக் குறைக்கணும்னு மான்ஸ்ஃபீல்ட்னு ஒரு செனட்டர் தீர்மானம் கொண்டுவந்து தோத்தார். டிரம்ப்புக்கு ரொம்ப முந்தின புலம்பல் இது. ஆனா அமெரிக்காவோட மொத்த செலவையும் ஐரோப்பாவுக்காகன்னு எழுதறதும் அநியாயம்தான், அதுல பசிபிக் பெருங்கடலும் இருக்கு, மத்திய கிழக்கும் இருக்கு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. கட்டாதவனுக்கு பாதுகாப்பு இல்லன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மேப்ப எடுத்து பாருங்க. போலந்து 4 சதவீதத்துக்கு மேல, எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா எல்லாம் 2024லயே 3 பக்கம், ஏன்னா ரஷ்யா வாசல்லயே நிக்குது. கொறச்சலா செலவு பண்ற ஸ்பெயின், போர்ச்சுகல், பெல்ஜியம் எல்லாம் பின் வரிசை, அவங்க மேல யாரும் டேங்க் ஓட்டிக்கிட்டு வரப் போறதில்ல. அப்ப பாதுகாப்ப நிறுத்துவேன்னு மிரட்டினா யாருக்கு வலிக்கும்? கட்டினவனுக்குத்தான். 2024 பிப்ரவரில சவுத் கரோலைனா கூட்டத்துல, காசு கட்டாத நாட்ட ரஷ்யா என்ன வேணா பண்ணிக்கட்டும்ங்கற மாதிரி டிரம்ப் பேசினாரே, அத கேட்டு தூக்கம் போனது ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்கா, லிதுவேனியா தலைநகர் வில்னியஸுக்கா?

2025ல ஹேக் மாநாட்டுல 5 சதவீதம்னு முடிவு பண்ணாங்க, 2035க்குள்ள. அதுல நிஜ ராணுவச் செலவு 3.5தான், மிச்சம் 1.5 ரோடு, பாலம், சைபர் பாதுகாப்புன்னு எத வேணா எழுதிக்கலாம். சிசிலி தீவுக்கு மெசினா ஜலசந்திமேல 13.5 பில்லியன் யூரோல தொங்கு பாலம் கட்டற திட்டத்தயும் இதுல சேர்க்கலாமான்னு இத்தாலில அமைச்சர்களே பேசினாங்க. ராணுவம் போக ஆகுமாம். சதவீதத்தக் காட்டினா போதும்னா எவனும் இததான் பண்ணுவான்.

என்னக் கேட்டா, முப்பது நாள்ல எத்தன படை கிளம்பும், குண்டு எத்தன வாரத்துக்கு தாங்கும்னு கேக்கணும். 2018லயே அப்படி ஒரு கணக்கு நேட்டோகிட்ட இருந்துச்சு, 30 நாள்ல 30 பட்டாலியன், 30 விமானப் பிரிவு, 30 போர்க்கப்பல்னு. அது டிவில எடுபடாது, சதவீதம்தான் எடுபடும். ஜெர்மனி லிதுவேனியால நிரந்தரமா ஒரு பிரிகேட், சுமார் 5000 பேர், நிறுத்திக்கிட்டு இருக்கு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வெளிநாட்டுல அவங்க இப்படிப் பண்றது இதான் முதல் தடவ. 2024 பட்டியல்ல 1.3 சதவீதத்தோட கடைசில நின்ன ஸ்பெயினோட பேட்ரியாட் ஏவுகணைப் படை 2015ல இருந்து துருக்கில காவல் நிக்குது, லாத்வியாலயும் அவங்க வீரர்கள் இருக்காங்க. அதுக்காக ஸ்பெயின் பிரதமர் சான்சேஸ் 2.1 சதவீதமே எங்களுக்குப் போதும்னு சொல்றத நான் ஒத்துக்கல. அவரத் திட்டுங்க, நானும் கூட சேர்ந்து திட்டறேன், ஆனா அதுக்கு லிதுவேனியாக்காரன பணயம் வைக்காதீங்க.