நியூசிலாந்தும் அணுகுண்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் அணு ஆயுத எதிர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உலகத்தின் ஒரு மூலையில், பக்கத்தில் பகையென்று யாருமே இல்லாத நாடு குண்டு வேண்டாம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அதைப் போய் அந்த நாட்டின் அடையாளம் என்கிறீர்களே? பொக்ரானுக்குப் பிறகு நமக்கு வந்த மதிப்புதானே அடையாளம்?

க., திருச்சி

அன்புள்ள க.,

மூலையில் இருப்பது உண்மைதான். சீனாவையும் பாகிஸ்தானையும் பக்கத்தில் வைத்திருக்கும் நம் நிலைமை அவர்களுக்கு இல்லை. ஆனால் பிரான்ஸ் தன் குண்டுகளைச் சோதிக்க, நியூசிலாந்து இருக்கும் அந்தப் பசிபிக் பெருங்கடலுக்குத்தான் வந்தது. 1966 முதல் மொருரோவா தீவில் வானத்திலேயே வெடித்தார்கள். 1973இல் நியூசிலாந்துப் பிரதமர் நார்மன் கிர்க் அங்கே போர்க்கப்பல் அனுப்பினார், ஓர் அமைச்சரையும் அதில் ஏற்றி.

அதுவரை அது அடுத்தவன் குண்டுக்கு எதிர்ப்பு, அவ்வளவுதான். தங்களைக் காப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்த அமெரிக்காவிடமே மறுப்புச் சொன்ன பிறகுதான் விஷயம் மாறியது. 1984இல் டேவிட் லாங்கே பிரதமரானார். அடுத்த வருடத் தொடக்கத்தில் 'புகேனன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வர அனுமதி கேட்டது. தன் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்றும் அமெரிக்கா சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அப்படியானால் வர வேண்டாம் என்றார்கள். 1986இல் அமெரிக்கா தன் பாதுகாப்புப் பொறுப்பை நிறுத்திக்கொண்டது.

இதற்கு நடுவில், 1985 ஜூலை 10 இரவு, நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில், அணுச் சோதனைகளை எதிர்த்துவந்த கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பலைக் குண்டுவைத்து மூழ்கடித்தார்கள். ஃபெர்னாண்டோ பெரெய்ரா என்ற புகைப்படக்காரர் இறந்தார். வைத்தது பிரான்ஸின் உளவுத்துறை. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான நியூசிலாந்து வீரர்கள் எந்த மண்ணுக்காகச் செத்தார்களோ, அந்த நாடு! பிடிபட்ட இரண்டு உளவாளிகளுக்கும் பத்தாண்டு தண்டனை கிடைத்தது. மூன்று வருடம் முடிவதற்குள் இருவரும் ஊர் திரும்பிவிட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தூரத்தில் இருப்பதால் எதுவும் வராது என்ற வாதம் அந்த இரவோடு போயிற்று.

நியூசிலாந்து பயந்து இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. 1987இல் சட்டமே போட்டார்கள்: அணு ஆயுதமும் கூடாது, அணுசக்தியில் ஓடும் கப்பலும் கூடாது. அதை எதிர்த்த நேஷனல் கட்சி, 1990 தேர்தலுக்கு முன் தானும் ஏற்றுக்கொண்டது. நான் அடையாளம் என்று சொன்னது இதைத்தான். எந்தக் கட்சி வந்தாலும் கைவைக்க முடியாத இடத்துக்கு ஒரு கொள்கை போய்விடுகிறது. நம் நாட்டிலும் குண்டு அந்த இடத்துக்குத்தான் போய்விட்டது. 1974இல் சோதித்தது காங்கிரஸ் ஆட்சி, 1998இல் பாஜக ஆட்சி. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மதிப்பு குண்டு வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2016இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று 33 வருடங்களுக்குப் பிறகு நியூசிலாந்துக்கு வந்தது. சட்டப்படி, அதில் அணு ஆயுதம் இல்லை என்று அந்நாட்டுப் பிரதமருக்குத் திருப்தியான பிறகே அனுமதி கிடைத்தது. 1987 சட்டத்தில் ஒரு வரியும் அதற்காக மாறவில்லை.