நடுக்கடலில் மீன் குழம்பு: வாசகர் கேள்வி பதில்

(சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். பிறகு நண்பரின் பாய்மரப் படகில் லங்காவி, அந்தமான், மாலத்தீவு, சேஷெல்ஸ் என்று சுற்றியவர். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறார். அந்தப் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் அவர் எழுதிய கட்டுரைக்கு வந்த கேள்விகளும் அவரது பதில்களும்.)

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் போகிறவர்கள் சாப்பாட்டுக்கு மீனை நம்பலாமா? எப்படிப் பிடிப்பீர்கள்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

நம்பலாம் தம்பி, ஆனால் மீனை மட்டுமே நம்பிக் கிளம்பக் கூடாது. அரிசி, பருப்பு, புளி, வெங்காயம் எல்லாம் மூட்டையாக ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவோம். மீன் கிடைத்தால் அன்றைக்கு விருந்து, கிடைக்காவிட்டால் பருப்புச் சாதம்.

விலை உயர்ந்த ராடும் ரீலும் வேண்டாம். நூறு கிலோ தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) ஐம்பது மீட்டர், முறுக்கு விழாமல் இருக்க ஒரு ஸ்விவல், நுனியில் ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பி, பிறகு தூண்டில் முள். வஞ்சிரம், வாஹூ, சீலா மாதிரி பல் உள்ள மீன்கள் கம்பி இல்லாவிட்டால் தங்கூசியைக் கடித்துக்கொண்டு போய்விடும். முள்ளை மறைக்கக் கணவாய் வடிவ பிளாஸ்டிக் குஞ்சம் கடையில் கிடைக்கும். எங்கள் படகில் பழைய சிமென்ட் கோணியின் நாரைப் பிரித்துக் கட்டியதற்கும் மீன் விழுந்தது. படகு 5, 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரில் போகும்போது அந்தக் குஞ்சம் துடிதுடித்துக்கொண்டு பின்னால் வரும். மீனின் கண்ணுக்கு அது தப்பி ஓடும் குட்டி மீன்.

தங்கூசியின் மறுமுனையைப் படகின் பின்பக்கக் கட்டையில் கட்டி, நடுவில் ஒரு தடித்த ரப்பர் டியூபை வளைத்து இணைப்போம். மீன் அடித்த அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும், தங்கூசி அறுந்துபோகாது. ரப்பர் விறைத்து நீண்டுவிட்டதென்றால் மீன் மாட்டிவிட்டது என்று அர்த்தம். உடனே பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு நிதானமாக இழுங்கள். தங்கூசியைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பத்து கிலோ சூரை ஒரு தரம் திரும்பினால் விரல் போய்விடும்.

மேலே ஏற்றியதும் செவுளில் ஒரு மூடி சாராயம் ஊற்றுவோம். துள்ளல் அடங்கிவிடும், முள்ளோடு மீன் காலில் விழுகிற ஆபத்தும் இல்லை. மாஹி மாஹி என்கிற மீனை அப்போது பார்க்க வேண்டும். தண்ணீரிலிருந்து வரும்போது பொன்னும் பச்சையும் நீலமுமாக மின்னும். உயிர் போகப் போக அந்த நிறமெல்லாம் அலையலையாக மாறி, நம் கண்ணெதிரிலேயே சாம்பல் பூத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். அதனால்தான் எங்கள் படகில் ஒரே கட்டளை: ஒரு மீன் ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். அதைத் தின்று முடித்த பிறகுதான் அடுத்தது.

ஐஸ் இல்லாமல் மீனை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? குழம்பாக வைத்துவிட்டால் கெடாதா?
– இல்லத்தரசி, குடியாத்தம்

நல்ல கேள்வி அம்மா. சூரை, கானாங்கெளுத்தி, மாஹி மாஹி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதைக்குள் பாக்டீரியா வேலை செய்து ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. புளி ஊற்றினாலும் போகாது. எனவே பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைத்து, அடுத்த வேளைக்குள் சமைத்துவிட வேண்டும். லாரியில் வேலூர் மார்க்கெட்டுக்கு வரும் சூரைக்கும் இதே கதைதான். வாங்கும்போது ஐஸுக்குள் இருந்ததா என்று பாருங்கள்.

மிஞ்சிய சதையை மெல்லிய பட்டையாக அரிந்து, உப்புத் தடவி, படகோரக் கம்பியில் தொங்கவிடுவோம். காற்றும் வெயிலும் இருந்தால் இரண்டு நாளில் கருவாடு. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை வேகவைத்து, புகை போட்டு, பிறகு வெயிலில் காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். கட்டை மாதிரி இறுகிவிடும், மாதக்கணக்கில் இருக்கும். துருவித் தேங்காயோடு அரைத்தால் ஒரு தட்டுச் சோறு போதாது.

தீவைச் சுற்றிப் பவளப்பாறையில் சங்கரா, களவா எல்லாம் நிறைய இருக்குமே. நங்கூரம் போட்ட இடத்திலேயே பிடிக்கலாமே? ஈ மொய்க்காத மீன்தான் விஷம் என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆற்காடு

ஐயா, ஈயை நம்பாதீர்கள். பூனைக்குப் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, இவையும் வேண்டாம். எதுவும் செல்லாது.

பவளப்பாறையில் படிந்திருக்கும் பாசியின் மேல் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. அது உண்டாக்கும் நஞ்சு பாசி மேயும் சிறு மீனுக்குள் போகிறது, அதைத் தின்னும் பெரிய மீனுக்குள் சேர்கிறது. பெரிய களவா, சங்கரா, சீலா, விலாங்கு மாதிரி இருக்கும் மோரே ஆகியவற்றில்தான் அதிகம் தேங்கும். ஈரல், தலை, சினை இன்னும் மோசம். மீனுக்கு நோய் தெரியாது. நிறம், வாசனை, ருசி எதுவும் மாறாது. வறுத்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். இதற்குச் சிகுவாடெரா என்று பெயர். வாந்தி, பேதியில் ஆரம்பித்து உதடும் விரலும் மரத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போலிருக்கும். இந்தக் கோளாறு வாரக்கணக்கிலும் இழுக்கலாம். மாற்று மருந்து கிடையாது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள்.

இது புதிதல்ல. 1774ல் கேப்டன் குக்கின் ரெசல்யூஷன் கப்பல் பசிபிக் தீவுகளான இன்றைய வனுவாட்டுவுக்குப் போனபோது, அங்கே பிடித்த மீனைத் தின்றவர்கள் இப்படித்தான் படுத்தார்கள். அதே வருஷம் நியூ கலிடோனியாவில் பேத்தை மீனின் ஈரலைச் சுவைத்து குக்கும் மயங்கினார். அது வேறு நஞ்சு.

ஒரு விரிகுடாவில் நல்ல மீன், அடுத்த விரிகுடாவில் விஷ மீன் என்று இருக்கும். எங்கே எது என்பது அந்த ஊர் மீனவருக்குத்தான் தெரியும். அவர் எதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாரோ, அதை மட்டும் வாங்கிச் சாப்பிடுவேன். பாறைப் பக்கம் நானாகத் தூண்டில் போட மாட்டேன். ஆழ்கடலில் ஓடித் திரியும் சூரையிலும் மாஹி மாஹியிலும் இந்தப் பயம் மிகக் குறைவு.

எங்கள் ஏரியில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் அனுமதி இல்லாமல் ஒரு கெளுத்தியைக் கூடத் தொட முடியாது. அந்தத் தீவுகளில் யாரும் கேட்க மாட்டார்களா?
– ஏரி மீனவர், காவேரிப்பாக்கம்

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆளில்லாத கடல் மாதிரித் தெரிந்தாலும் ஒவ்வொரு கரைக்கும் சொந்தக்காரர் உண்டு. பிஜித் தீவுகளில் கரையோரக் கடலில் மீன் பிடிக்கும் உரிமை அந்தந்த ஊராருடையது. நங்கூரம் போட்டதும், அவர்கள் பானம் தயாரிக்கும் கவா வேர்க் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்த் தலைவரைப் போய்ப் பார்ப்பது முறை. மாலத்தீவில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது சட்ட விரோதம். அந்தமானில் வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் போகவே கூடாது. கடலாமையும் கடல் அட்டையும் நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, தொட்டால் ஜெயில். ஏலம், குத்தகை பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும். பணக்காரப் படகுக்காரர்கள் சிலருக்குப் புரியவைக்கத்தான் பெரும்பாடு.

கோலா மீன் தானாகவே படகில் வந்து விழுமாமே?
– மாணவி, வாலாஜாபேட்டை

ஆமாம் பாப்பா. இரவில் பறந்து வந்து மேல்தளத்தில் விழும், விடிந்ததும் பொறுக்கி வறுக்கலாம். 1947ல் பசிபிக்கைக் கடந்த கான்டிக்கி மரத்தெப்பத்தில் இருந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடே பெரும்பாலும் அதுதான்.

மீன் மட்டும் இருந்தால் உயிர் பிழைக்கலாமா?
– வங்கி ஊழியர், ராணிப்பேட்டை

தண்ணீர் இருந்தால்தான். மீன் புரதம், அதைச் செரித்துக் கழிவை வெளியேற்ற உடம்பு தண்ணீரைக் கேட்கும். 1942ல் கப்பல் மூழ்கிய பிறகு அட்லாண்டிக்கில் தனி ஆளாக 133 நாள் தெப்பத்தில் மிதந்த பூன் லிம், டார்ச் லைட் கம்பியை வளைத்து முள்ளாக்கினார், கயிற்றைப் பிரித்துத் தூண்டில் நூல் ஆக்கினார். அதோடு கித்தானை விரித்து மழைநீரும் பிடித்தார். அந்த மழைநீர் இல்லாவிட்டால் மீன் உதவியிருக்காது.

வேலூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா? பாலாற்றில் தண்ணீரே இல்லையே!
– தோல் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்

முதலில் நீச்சல், அதற்கு ஆறு வேண்டாம், ஒரு கிணறு போதும். பாய்மரம் பழக, சென்னைத் துறைமுகத்தில் 1911ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்னை. மீன் பற்றித் தெரிந்துகொள்ள விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய், வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் பக்கத்தில் நில்லுங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், நேற்றைய மீனையும் இன்றைய மீனையும் அவர்களே பிரித்துச் சொல்வார்கள். முள் கட்டும் முடிச்சு பழக வீட்டில் ஒரு முழம் தங்கூசி போதும். கண்ணை மூடிக்கொண்டு ஈரக் கையோடு கட்ட வரும்வரை பழகுங்கள்.