சினிமாவில் பெயர் வாங்கிய இயக்குநர் டிவிக்கு வந்தால் அது இறக்கமா?

இல்லை. பாலு மகேந்திராவை வைத்தே சொல்கிறேன்.

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார், மலையாளத்தில் கேமராமேன் ஆனார், 1977-இல் கன்னட 'கோகிலா' மூலம் இயக்குநரானார். 'மூன்றாம் பிறை'யின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

உங்கள் கேள்விக்கான பதில் அதற்குப் பிறகு இருக்கிறது. 1988-இல் வந்த 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. அடுத்து தூர்தர்ஷனுக்காக 'சந்தியா ராகம்' எடுத்தார். மனைவியை இழந்த கிழவர் ஒருவர், சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து ஒண்டுகிறார், அவ்வளவுதான் கதை. தியேட்டரை நம்பி இதற்கு யார் பணம் போடுவார்கள்? சொக்கலிங்க பாகவதர் அதில் நடித்ததைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

2000 வாக்கில் சன் டிவியில் 'கதை நேரம்' வந்தது. தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குறும்படமாக்கினார். மொத்தம் 52. வண்டி வண்டியாகக் கதைகளைப் படித்துச் சுருக்கி எழுதித் தரும் வேலையில் அப்போது உதவியாளராக இருந்தவர் வெற்றிமாறன். திரைக்கதைக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊர்க்காரன். எங்கள் கடற்கரையில் டிவியை யாரும் சின்னதாக நினைத்ததில்லை. எண்பதுகளில் நெடுங்குழாயில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்த ஊர்கள் இவை. கச்சான் காற்று அடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருத்தர் மாடியில் நின்று திருப்ப, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது, விட்ராத!" என்று கத்துவோம். ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்தில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரம் எல்லாம் பிறகு வந்தது. எங்கள் அப்பத்தா தியேட்டர் வாசலை மிதித்ததே அபூர்வம். 'கதை நேரம்' போட்டால் மட்டும் அடுப்படி வேலையை விட்டு வந்து உட்காரும். கதை முடிந்ததும் அந்தப் பெண் அப்படிச் செய்தது சரியா என்று அம்மாவோடு வாதாடும். தியேட்டரில் ஓடிய எந்தப் படமும் அப்பத்தாவை அப்படிப் பேச வைத்ததில்லை.

டிவிக்குப் போனதால் பாலு மகேந்திராவின் சினிமாவும் நின்றுவிடவில்லை. 2013-இல் 'தலைமுறைகள்' எடுத்து நடிக்கவும் செய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.

தினசரி நெடுந்தொடரை இதோடு சேர்க்காதீர்கள். டிஆர்பிக்காகக் கதையை இழுக்கும்போது நல்ல இயக்குநரும் திணறத்தான் செய்வார். 'கதை நேரம்' யூடியூபில் கிடைக்கிறது. மாலனின் 'தப்புக் கணக்கு' கதையிலிருந்து தொடங்குங்கள்.