கடலும் தங்கமும் ஒரே பயணத்தில்

கேள்வி: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகள் வீட்டுக்குப் போகிறோம். நாலு நாளில் கோரமண்டல் தீபகற்பம் பார்க்க ஆசை. எனக்குக் கடற்கரை, கணவருக்குப் பழைய தங்கச் சுரங்க ஊர்கள். இரண்டும் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும்! அங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். முதலில் தேம்ஸ், 1867-இல் தங்க வயலாகத் திறந்த ஊர். அப்புறம் விட்டியாங்காவில் தங்கிக்கொண்டு ஹாட் வாட்டர் பீச் போங்கள். கடல் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, மண்வெட்டியால் மணலைத் தோண்டினால் அடியிலிருந்து வெந்நீர் ஊறி குழி நிறையும். சில இடங்களில் தண்ணீர் ரொம்பவே சுடும், காலை வைக்குமுன் கையால் தொட்டுப் பாருங்கள்.

வைஹியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊர் நடுவிலேயே மார்த்தா சுரங்கத்தின் பிரம்மாண்டமான பள்ளம், அதன் விளிம்பில் சுரங்கத் தண்ணீரை இறைத்த பழைய பம்ப் ஹவுஸ். தரை சரியத் தொடங்கியதால் அந்தக் கட்டடத்தை 2006-இல் அப்படியே சுமார் 300 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள்! வைஹி பீச்சும் பக்கம்தான். கரங்காஹகே பள்ளத்தாக்கின் சுரங்கப் பாதைகளுக்கு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். சாலை வளைவுகள் அதிகம், இருட்டுமுன் ஊர் போய்ச் சேருங்கள்.