கூட்டணிக்காரரே படையை அழித்துவிட்டார். தரகரிடம் கணக்கு வாங்கலாமா?

கேள்வி: ஆந்திரத்தில் நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி ஓட்டிவருகிறேன். ஓகேம் என்னும் விண்வெளிப் பேரரசு இணைய ஆட்டத்தை எட்டு மாதங்களாக ஆடுகிறேன். எங்கள் கூட்டணியில் இருந்த ஒருவர், அதைவிட்டு விலகிய அன்றிரவே, நான் உறங்கும் நேரம் பார்த்து என் படை முழுவதையும் அழித்துவிட்டார். திருத்தணியில் இருப்பதாகச் சொல்லும் தரகர் ஒருவர் 7,500 ரூபாய்க்கு வலுவான கணக்கு ஒன்றைத் தருவதாகக் கூறினார். முன்பணமாக 2,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? இனி யாருடன் கூட்டணி சேர்வது? தம்பியும் இப்போது இதே வீட்டிலிருந்து ஆடுகிறான். அதனால் சிக்கல் வருமா?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். கணக்கை விலைக்கு வாங்குவதும் விற்பதும் இந்த ஆட்டத்தின் விதிகளில் தடை செய்யப்பட்டவை. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். முடக்காவிட்டாலும் அது உங்களுடையது ஆகிவிடாது. முதலில் பதிவு செய்த மின்னஞ்சல் தரகரிடமே இருக்கும் என்பதால், கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லி அவர் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதையே அடுத்த மாதம் புத்தூரில் இருக்கும் இன்னொருவருக்கு விற்கலாம். ஒரே கணக்கை மூன்று பேருக்கு விற்ற தரகரை நான் அறிவேன்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் தரகர் இரு தரப்பிலும் கூலி வாங்குவார் என்றாலும், மாடாவது கண்முன் நிற்கும். இங்கே அதுவும் இல்லை. "பாதுகாப்பு வாங்கித் தருகிறேன்" என்று உங்கள் கோள்களின் இருப்பிடத்தையும் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தையும் கேட்டு வாங்குபவர், அதே விவரத்தை உங்களைத் தாக்கக் காத்திருப்பவரிடம் விற்பதற்குத் தடையேதும் இல்லை. ஆட்டத்தில் காசு கொடுத்து வாங்கும் டார்க் மேட்டர் என்னும் பொருளைப் பாதி விலைக்குத் தருவோரிடமும் ஏமாறாதீர்கள். திருட்டு அட்டையில் வாங்கிய பொருளாக இருந்து, அட்டைக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், முடங்குவது வாங்கிய உங்கள் கணக்குத்தான். அதை ஆட்டத்தின் சொந்தக் கடையில் மட்டும் வாங்குங்கள். வாங்காமலே ஆடினால் இன்னும் நல்லது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, இதைப் படித்தவுடன் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த வங்கிக் கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. காவல் நிலையத்தில் "பணம் போனது தமிழ்நாட்டுக்கு, அங்கே போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. சட்டம் இப்படித் தெளிவாக இருந்தும், எல்லையோர மக்கள் மட்டும் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே பேருந்து ஏறி இறங்குவது எப்போது நிற்குமோ தெரியவில்லை. என்னிடம் ஆட்டம் பழகிய பையனுக்காக ஒரு நிலையத்துக்குப் போனபோது, "விண்கலத்தை எங்கே நிறுத்தியிருந்தாய்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பணம் உண்மையான பணம்தானே என்று விளக்கவே அரை நாள் ஆயிற்று. ஆகவே விண்கலப் பேச்சை எடுக்காமல், இன்ன நாளில், இன்ன எண்ணுக்கு, இவ்வளவு ரூபாய் அனுப்பினேன், பொருள் தரவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இனி கூட்டணி. உங்களை அழித்தவர் திடீரென்று கெட்டவராகிவிடவில்லை. அழிந்த கப்பல்களின் உலோகத்திலும் படிகத்திலும் வழக்கமாக 30 சதவீதம் இடிபாடாக மிதக்கும். அதை அள்ளுவதே தாக்குபவரின் வருமானம். உங்கள் படை வளர வளர, உங்கள் நட்பைவிட உங்கள் இடிபாட்டின் மதிப்பு கூடியது. அவரும் கணக்குப் போட்டுவிட்டார். நீங்கள் உறங்கும் நேரம் அவருக்குத் தெரிந்ததும் மாயமன்று. கூட்டணித் தலைவர் உரிமை கொடுத்தால், உறுப்பினர் பட்டியலில் யார் இணைப்பில் இருக்கிறார் என்பது தெரியும்; நண்பர் பட்டியலிலும் தெரியும். எட்டு மாதம் பார்த்தவருக்கு உங்கள் தறி நிற்கும் நேரம்கூட மனப்பாடம் ஆகியிருக்கும். புதிய கூட்டணியில் அந்த உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பழைய ஆளை நண்பர் பட்டியலிலிருந்து இன்றே நீக்குங்கள். நிலவில் கட்டும் ஃபாலங்ஸ் என்னும் வேவுக்கருவி 4ஆம் நிலையில் இருபுறமும் 15 சிஸ்டம் (சூரியக் குடும்பம்) வரை பறக்கும் படைகளைப் பார்க்கும் என்பதால், அண்டை வீட்டுக்காரரைவிடத் தொலைவில் இருக்கும் கூட்டாளியே மேல் என்பது என் கருத்து.

எந்தக் கூட்டாளியும் ஃப்ளீட்சேவுக்கு, அதாவது படையைப் பறக்கவிட்டுக் காப்பதற்கு, ஈடாகார். பறந்துகொண்டிருக்கும் படையை யாராலும் தாக்க முடியாது. உறங்கும் முன் கப்பல்களையும் அவை கொள்ளுமளவு சரக்கையும் உங்களுடைய இன்னொரு கோளுக்கு, "நிலைநிறுத்து" என்னும் ஆணையுடன், நீங்கள் எழுவதற்கு முன் போய்ச் சேராதபடி குறைந்த வேகத்தில் அனுப்பிவிட்டு, காலையில் திரும்ப அழையுங்கள். அவ்வாறு திரும்பும் படை ஃபாலங்ஸில் தெரியாது.

தம்பி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குற்றமற்ற பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஒரு பிரபஞ்சத்தில், அதாவது தனித்தனியாக நடக்கும் ஆட்டக் களங்களில் ஒன்றில், ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது விதி. ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகள் வந்தால், ஒருவரே இரண்டையும் நடத்துவதாகத்தான் நிர்வாகிக்குத் தோன்றும். இருவரும் உண்மையிலேயே வேறு ஆட்கள் என்றால் ஆடலாம். ஆனால் அதை முன்கூட்டியே நிர்வாகிக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும், இருவருடைய கப்பல்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தம்பிக்கு நீங்கள் கப்பல் எரிபொருளான டியூட்டீரியம் அனுப்புவதும், அவன் உங்கள் இடிபாட்டை அள்ளுவதும், இருவரும் சேர்ந்து ஒருவரைத் தாக்குவதும் தொடர்புதான். செல்பேசியில் வேறு சிம் போட்டிருக்கிறான் என்று சொல்லாதீர்கள். மாலையில் அண்ணனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒருமுறை நுழைந்தாலும் அது பதிவாகிவிடும். அவனை வேறு பிரபஞ்சத்தில் ஆடச் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பதாயின் விடுமுறை நிலையைப் பயன்படுத்துங்கள். குறைந்தது 48 மணி நேரம் உங்களை யாரும் தாக்க முடியாது, சுரங்கங்களும் ஓடா. படை பறந்துகொண்டிருக்கையில் அந்த நிலைக்குள் போக முடியாது, ஆகவே காவடி கட்ட உட்காரும் முன்பே எல்லாக் கப்பல்களையும் வரவழைத்துவிடுங்கள்.