கடல் காற்றில் விமானம் கட்டுகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் மாடல் கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மாடல் கட்டுகிற நம் ஆட்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. டாங்க், கப்பல் பற்றிய கேள்விகளை அந்தப் பக்கம் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன். இங்கே விமானம் மட்டும்.

குளச்சல்: அண்ணே, லாக்கர் பெயின்ட்டில் கறுப்பு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளையாகப் படலம் படர்ந்துவிட்டது. பெயின்ட் கெட்டுப்போச்சா?

பெயின்ட்டில் குற்றமில்லை தம்பி, காற்றில்தான் ஈரம். லாக்கரில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நுண்ணிய நீராகப் படியும், பெயின்ட் இறுகும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு மழை. போதாததற்கு உங்கள் வீடு கடலை ஒட்டி. உலர்ந்த ஊர்க்காரர் சொல்கிற காய்ச்சல் நேரத்தை நம்பி நாம் வேலை செய்ய முடியாது.

மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்குங்கள். மிஸ்டர் லெவலிங் தின்னரில் அதற்கான ரிட்டார்டர் கலந்தே வருகிறது. ஒரே தடவையில் ஈரமாக ஊற்றி அடிக்காமல், மெல்லிசாகப் பல கோட் அடியுங்கள். மழை இல்லாத நாளில் உச்சி வெயில் நேரம் நல்லது. விடியற்காலையும் அந்தி நேரமும் வேண்டாம். கம்ப்ரசரின் டாங்கில் சேர்கிற தண்ணீரை ஒவ்வொரு முறையும் திறந்து விடுங்கள், இல்லையென்றால் பெயின்ட் தெளிக்கிற ஏர்பிரஷ் வழியாக அது மாடல் மேல் துப்பும். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் அதே லெவலிங் தின்னரை மட்டும் பனி போல லேசாக அடித்தால் பெரும்பாலும் கறுப்பு திரும்பி வரும்.

எதுவானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். அப்புறம்தான் மாடல்.

மூக்கு, வாய் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துணி மாஸ்க் தூசிக்கு மட்டும்தான், லாக்கர் ஆவி அதற்குள் தாராளமாகப் போகும். ஆவிக்கான கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் இல்லாமல் மூடிய அறையில் லாக்கர் அடிக்கவே கூடாது.

ஆரல்வாய்மொழி: மொட்டை மாடியில் ஸ்பிரே அடிக்கலாமா?

உங்கள் ஊரில் வேண்டாம். காற்றாலை வைக்கிற அளவுக்குக் காற்று, பெயின்ட் காயும் முன்பே மண் வந்து ஒட்டும். ஜன்னல் ஓரம் பெரிய அட்டைப்பெட்டி, பின்பக்கம் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் பேன், முகத்தில் மாஸ்க்.

தக்கலை, பிளஸ் டூ மாணவர்: முதல் கிட் எது வாங்கலாம் அண்ணாச்சி?

1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு, ஸ்பிட்ஃபயர் அல்லது ஜீரோ. ஏர்ஃபிக்ஸ், டமியா எதுவானாலும் சரி. இவை வால் சக்கரத்தில் உட்காரும் விமானங்கள், அதனால் மூக்கில் எடை வைக்கும் தலைவலி கிடையாது. ஒற்றை இறக்கை என்பதால் கம்பி கட்டும் வேலையும் இல்லை. பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்கி, நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்தில் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்து அதைக் கட்டலாம், அது எங்கும் போகாது.

மார்த்தாண்டம், ஒரு தாய்: என் மகனுக்கு 9 வயது. பசை, கத்தி எல்லாம் பயமாக இருக்கிறது சார்.

பயப்படுவது சரிதான். பசையில்லாமல் அழுத்திப் பொருத்துகிற ஸ்னாப் கிட் வாங்கிக் கொடுங்கள். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்து வெட்டுகிற வேலையை நீங்கள் செய்யுங்கள். பெயின்ட் தண்ணீர் வகை அக்ரிலிக், பிரஷ்ஷால் மட்டும்.

குழித்துறை: ஆரம்பிக்கிறவனுக்கு எந்த கிட் நல்லது?

தக்கலைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

இரணியல்: என் ஜெட்டை ஒட்டி முடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காருகிறது.

மூக்குச் சக்கரம் உள்ள பல ஜெட்களில் இது வரும். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் டேப் போட்டு இணையுங்கள். பின்சக்கரம் வருகிற இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பார்த்து, மூக்கு கீழே சாயும்வரை எடை சேருங்கள். எடைக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் கரையோரத்தில் வலைச் சாமான் கடையில் கிடைக்கிற ஈயக்குண்டே போதும்.

ஆனால் அந்த ஈயத்தை மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். அந்த வகைப் பசையிலிருந்து மெதுவாகக் கசிகிற அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி உப்பி, சில வருடம் கழித்து மூக்கு தையல் பிரிந்து வெடித்த மாடல்கள் உண்டு. எபாக்சி பசை போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. ஏற்கெனவே ஒட்டிய மாடலுக்கு, மூக்குச் சக்கரக் குழி வழியாகச் சின்னக் குண்டுகளைத் திணிக்க இடம் இருக்கிறதா பாருங்கள்.

நாகர்கோவில்: 1965 போரில் பறந்த நம் நாட் (Gnat) போர் விமானம் கட்டணும். கடையில் ஏர்ஃபிக்ஸ் நாட் இருக்கிறது. வாங்கிவிடவா?

பெட்டியில் இரண்டு இருக்கை தெரிந்தால் நிறுத்துங்கள். அது டி.1, பிரிட்டனின் பயிற்சி விமானம். நம் விமானப்படை ஓட்டியது ஒற்றை இருக்கை எஃப்.1. பின் இருக்கையை மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆகாது. டி.1-ன் இறக்கை விரிவு 24 அடி, எஃப்.1-ல் சுமார் 22 அடிதான். 1/72-ல் அது எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நாட் மாடல் மொத்தமே உள்ளங்கை அளவு, அதில் எட்டு மில்லிமீட்டர் கண்ணை உறுத்தும். மூக்கும் வேறு. எஃப்.1-ல் காற்று உள்வாங்கும் இரண்டு வாயின் ஓரத்திலும் ஒரு 30 மி.மீ. ஏடன் பீரங்கி உண்டு, டி.1-ல் கிடையாது.

ஸ்பெஷல் ஹாபி கம்பெனி 1/72-ல் ஒற்றை இருக்கை நாட் விமானமும், அதிலிருந்து நம் எச்.ஏ.எல். நிறுவனம் வளர்த்த அஜீத் விமானமும் வெளியிட்டது. அதைத் தேடுங்கள். பொருத்தம் டமியா போல இருக்காது, ஒவ்வொரு பாகத்தையும் பசையில்லாமல் வைத்துப் பார்த்து அரத்தால் ராவ வேண்டிவரும்.

கட்டும்போது சக்கரக் கதவுகளை நன்றாகக் கவனியுங்கள். நாட் விமானத்துக்கு, வேகத்தைக் குறைக்கிற ஏர்பிரேக் தகடு தனியாக இல்லை. சக்கரத்தைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். இவ்வளவு சின்ன விமானத்தில் எடையை மிச்சம் பிடித்த விதம் அது. கதவின் கோணம் தப்பினால் நாட் விமானத்தின் முகமே மாறிவிடும்.

1965-க்கே கட்ட வேண்டும் என்றில்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காத்து உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நாட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸ் விமானத்தோடு மறுபடி எழுந்தது. அந்த நாட் விமானத்தையும் ஒரு தேஜஸையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள், எனக்கு அதைவிட நல்ல ஜோடி தெரியாது.

பார்வதிபுரம்: தகடுகள் சேருகிற பேனல் கோடுகளைக் கறுப்பு வாஷ் (பள்ளத்தில் ஓடுகிற நீர்த்த பெயின்ட்) போட்டு எடுத்துக் காட்டினால்தான் மாடலுக்கு உயிர் வரும். நீங்கள் ஏன் எல்லாரிடமும் வேண்டாம் என்கிறீர்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிட்டில் பேனல் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 72-ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். இறக்கைத் தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியோடு எந்த ஜெட் பறக்கும்? அதைக் கறுப்பால் வேறு நிரப்பினால் விமானம் கட்டம் போட்ட நோட்டாகிவிடும்.

மார்த்தாண்டம், இன்னொருவர்: அப்படிப் பார்த்தால் கோடே இல்லாத மாடல்தான் சரி என்றாகும். நான்கடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு ஏதாவது தெரிய வேண்டாமா? போட்டோவில் வழவழவென்று பொம்மை மாதிரி விழுகிறது.

நியாயமான கேள்வி. தெரிய வேண்டும், ஆனால் எது தெரிய வேண்டும்? இறக்கையிலும் வாலிலும் அசைகிற எய்லரான், ஃபிளாப், ரடர் இவற்றைச் சுற்றி இருப்பது நிஜமான இடைவெளி. அங்கே அடர்ந்த வாஷ் போடுங்கள். சக்கரக் குழி, வயிற்றில் எண்ணெய் வழிகிற இடம், அடிக்கடி திறக்கிற மூடிகள், இவையும் அழுக்காகத்தான் இருக்கும். மற்ற கோடுகளுக்கு அடிவண்ணத்தைவிடக் கொஞ்சமே அடர்ந்த சாம்பல் போதும். பொம்மை போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரே சீரான நிறமும் பளபளப்பும். வெயிலில் நின்ற விமானத்தின் முதுகு வெளுத்திருக்கும், வயிறு வெளுக்காது. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவாருங்கள், உயிர் தானாக வரும்.

பார்வதிபுரம் மறுபடியும்: போட்டிகளில் கறுப்புக் கோடு போட்டவர்களுக்குத்தான் பரிசு.

பரிசுக்காகக் கட்டுகிறவர் அப்படியே கட்டட்டும். என் வாதம் ஒன்றே ஒன்று: இன்னொருவர் மாடலைப் பார்த்து மாடல் கட்டாதீர்கள், விமானத்தின் படத்தைப் பார்த்துக் கட்டுங்கள். எந்த விமானம், எந்த வருடம், எந்தத் தளம் என்று முடிவு செய்து, அந்தக் காலத்துப் படம் குறைந்தது இரண்டு மேசையில் இல்லாமல் வாஷ் பாட்டிலைத் திறக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்கே இன்னும் ஆறு சீட்டு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

கொட்டாரம்: விமானி மேலே இருக்கிற கண்ணாடி மூடியை, அந்தக் கேனபியை, சூப்பர் க்ளூவால் ஒட்டினேன், உள்ளே புகை பிடித்த மாதிரி வெளுத்துவிட்டது.

அதன் ஆவி படிந்த தடம். கண்ணாடிப் பாகத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை போடுங்கள், காய்ந்தால் தெளிவாகிவிடும். ஈயத்துக்கு வேண்டாம் என்ற பசை இங்கே சரியானது.

திங்கள்சந்தை: முதல் கிட் எது?

தக்கலை பதிலைப் பாருங்கள். மூன்றாவது முறை எழுத மாட்டேன்.

தேங்காப்பட்டணம்: பெயின்ட் வெளுக்கிறது.

குளச்சலுக்கு எழுதியது முழுவதும் உங்களுக்கும்தான். ஸ்பூனில் அடித்துப் பார்த்தீர்களா?

சுசீந்திரம்: தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற டெக்கால் சின்னங்களை ஒட்டினால் ஓரத்தில் வெள்ளிபோல மின்னுகிறது, காய்ந்த பின் சுற்றிலும் கறையும் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு. வெள்ளி மின்னுவது அடியில் சிக்கிய காற்று. மேட், அதாவது பளபளப்பில்லாத பரப்பு சொரசொரப்பானது, அதன் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். டெக்காலுக்கு முன் கிளாஸ் கோட் அடித்து வழவழப்பாக்குங்கள், நன்றாகக் காயட்டும். டெக்காலை வைத்த பின் அதை இளக்குகிற மைக்ரோ சால் திரவம் தடவுங்கள். முதலில் சுருங்கும், பதறித் தொடாதீர்கள், தானாகப் படிந்துவிடும். ஏற்கெனவே மின்னுகிற இடத்தில் ஊசியால் நுண்ணிய துளை போட்டு அதன் மேல் மைக்ரோ சால் விடுங்கள்.

கறைக்குக் காரணம் போர்வெல் தண்ணீரின் உப்பு. டெக்கால் ஊறவைக்க பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். இப்போது இருக்கிற கறையை அதே தண்ணீரில் நனைத்த பட்ஸால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அது போன பிறகு மேட் கோட் அடியுங்கள்.