துரு எடுத்த இடம் திட்டாகத் தெரிகிறதா? டச்சப் கேள்விகளுக்குப் பதில்

சில்க்கி சில்வர் மாருதி சார். பின் வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில்) உள்ளங்கை அகலத் துருவைத் தேய்த்து, பட்டி, பிரைமர் போட்டு, இசட்2எஸ் என்ற கலர் கோடு (கலர் எண்) பார்த்தே பெயின்ட் வாங்கி அடித்தேன். வெயிலில் நிறுத்தினால் கட்டம் கட்டியதுபோல் தெரிகிறது. – காவேரிப்பட்டணம்

கலர் கோடு சரிதான். ஆனால் வருஷக்கணக்காக வெயில் குடித்த பழைய பெயின்டும் புதுசும் அப்படியே ஒத்துப்போகாது. அதனால்தான் கலரைப் பழைய பெயின்டுக்குள் கரைத்துவிட வேண்டும் என்கிறேன். நீங்கள் பேட்ச் ஓரத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டியிருப்பீர்கள். கட்டம் அங்கேதான் விழுந்தது.

சுற்றிலும் ஒரு அடிக்கு 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு போகத் தேயுங்கள். முதல் கோட் பிரைமரை மட்டும் மூடட்டும். அடுத்தது நாலு விரல் வெளியே போகட்டும், அதற்கடுத்தது இன்னும் வெளியே. ஓரம் வரும்போது கையை வெளிப்பக்கம் வீசிக்கொண்டே ஸ்ப்ரே கன் ட்ரிகரை விடுங்கள். சில்வரில் அலுமினியத் துகள் இருக்கிறது: ஈரமாகக் கொட்டினால் கருக்கும், வறண்டு விழுந்தால் வெளுக்கும். அதனால் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று பனி மாதிரித் தூவுங்கள்.

கிளியர், அதாவது கலர்மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, கலரைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். கதவு, பெண்டர் என்றால் முழுப் பேனலுக்கும் அடித்துவிடலாம். ஆனால் உங்கள் பேனல் கூரைவரை ஒரே தகடு. கண்ணாடிக்குப் பக்கத்துக் குறுகலான தூணில் பிளெண்டிங் தின்னரால் ஓரத்தைக் கரைத்து முடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் 2000 பேப்பர், அப்புறம் கையால் பாலிஷ் காம்பவுண்டு. தேய்ப்பது எப்போதும் புதுசிலிருந்து பழசை நோக்கி. எதிர்ப்பக்கம் தேய்த்தால் ஓரம் பெயர்ந்துவிடும்.

மார்கழிக் காலையில் கிளியர் அடித்தேன், பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. – ஓசூர்

தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிட்டது. பனி விலகி, தகடு கைக்கு வெதுவெதுப்பானபின் அடியுங்கள். லேசான வெளுப்பு என்றால் வெயில் ஏறியதும் மெதுவாகக் காயும் தின்னரை மெல்லியதாகத் தூவினாலே தெளியும். போகாவிட்டால் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பதுதான்.

கிரானைட் பட்டறைப் பக்கம் வீடு, தூசி ஒட்டிக்கொள்கிறது. – பர்கூர்

தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காற்றில்லாத நேரத்தில் அடியுங்கள். ஒட்டிய தூசியைப் பெயின்ட் ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். காய்ந்தபின் 2000 பேப்பர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை அண்ணா, ரன்னிங் போர்டில் (கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில்) அதே இடத்தில் கொப்புளம். – பாலக்கோடு

துரு உள்ளேயே இருந்திருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் டிங்கரிடம் வெட்டி, புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். ஓட்டைமேல் பட்டி அப்பினால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பட்டியை ஈரத்தில் தேய்ப்பதும் அதனால்தான் கூடாது. தகடு கெட்டியாக இருந்தால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் போடுங்கள். அடியில் தண்ணீர் வடியும் துளைகளைச் செம்மண் அடைத்திருக்கும், அதையும் குத்திவிடுங்கள்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அடிக்கலாமா? – தருமபுரி

வேண்டவே வேண்டாம். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி அதைத் தடுக்காது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்தால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே இழுக்கும். கலர் வரைக்கும் நீங்கள் முடித்துவிட்டு, கிளியரை மட்டும் பெயின்ட் பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். அவர்கள் கிளியருக்கு உங்கள் பெயின்ட் ஒத்துவருமா என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.